காலர் போன் கூடிவிட்டது, ரேஸுக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 34, கடலூர் மஞ்சக்குப்பம். நண்பர்கள் நான்கு பேர் ஒரு அணியாக 12 மணி நேர மவுண்டன் பைக் ரிலே ரேஸுக்குப் பணம் கட்டியிருக்கிறோம். ஒருவர் சுற்றை முடித்து வந்ததும் அடுத்தவர் கிளம்ப வேண்டும். சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ரேஸுக்கு இன்னும் 5 வாரம் இருக்கிறது. 7 வாரத்துக்கு முன் கேப்பர் மலைப் பக்கம் செம்மண் சரிவில் சறுக்கி விழுந்ததில் இடது காலர் போன் (காறை எலும்பு) முறிந்தது. ஆபரேஷன் தேவையில்லை என்று ஸ்லிங் போட்டார்கள், இப்போது வலி இல்லை. அன்றைக்கே வலது மணிக்கட்டும் வீங்கியது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதால் தெரிந்தவர் ஒருவரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொண்டேன். போன வாரம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். பிரேக்கை அழுத்தினால் சுரீர் என்கிறது. ஏற்றத்தில் முட்டியின் முன்பக்கம் வலிப்பது பழைய கதை. வலி மாத்திரை போட்டுச் சமாளிக்கலாமா? நான் விலகினால் மற்ற மூன்று பேரும் ஓட்ட முடியாமல் போய்விடும்.

பதில்: நீங்கள் பயப்படுவது காலர் போனை நினைத்து. எனக்குக் கவலை தருவது மணிக்கட்டு, அதையே முதலில் பார்த்துவிடுவோம்.

வலது கட்டைவிரலை நன்றாக விரித்து மேலே நீட்டுங்கள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு தசைநாண்கள் புடைத்து நிற்கும், நடுவே ஒரு சின்னக் குழி விழும். அந்தக் குழிக்குள் இடது ஆள்காட்டி விரலை வைத்து அழுத்துங்கள். அடுத்து, வலது கட்டைவிரலின் நுனியைப் பிடித்து மணிக்கட்டை நோக்கித் தள்ளுங்கள். இதையே இடது கையிலும் செய்து ஒப்பிடுங்கள். வலது பக்கம் மட்டும் வலித்தால், ஸ்கேபாய்டு என்ற எலும்பில் முறிவு இருக்கலாம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வலிக்காவிட்டாலும் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது, ஏனென்றால் 7 வாரம் கழித்தும் பிரேக் பிடித்தால் சுரீர் என்கிறதே!

இந்த ஸ்கேபாய்டு பண்ருட்டி முந்திரிப்பருப்பு அளவும் வடிவமும் கொண்ட எலும்பு. கையை ஊன்றி விழுபவர்களுக்கு மணிக்கட்டின் சிறு எலும்புகளில் பெரும்பாலும் உடைவது இதுதான். இதில் ஏற்படும் மயிரிழை முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் கட்டுப்போட்டு அனுப்பி, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது எம்.ஆர்.ஐ. பார்ப்பார்கள். உங்களுக்கு அந்த இரண்டாவது எக்ஸ்ரே நடக்கவே இல்லை. இதன் ரத்த ஓட்டமும் கொஞ்சம் வினோதமானது. பெரும்பகுதி ரத்தம் விரல் பக்கமாக உள்ளே நுழைந்து முன்கை பக்கமாகத் திரும்பி ஓடுகிறது. எலும்பு நடுவில் முறிந்தால் முன்கை பக்கத் துண்டுக்கு ரத்தம் போவது தடைபடும். கூடாமலே நின்றுவிடலாம், சிலருக்கு அந்தத் துண்டு செத்தும் போகும். வலி மட்டும் வந்து வந்து போகும். வருஷங்கள் கழித்து மணிக்கட்டு தேய்ந்து மடங்காமல் போகும்போதுதான் பழைய கணக்கு தெரியவரும்.

புத்தூர் கட்டின் மேல் நம் ஊரில் இருக்கும் நம்பிக்கையை நான் கேலி செய்வதில்லை. அசையாமல் பிடித்தாலே பல எலும்புகள் தானாகக் கூடிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் எந்த எலும்பு உடைந்தது என்று தெரியாமல் போடுகிற கட்டு எந்த எலும்பைப் பிடிக்கும்? அதோடு உங்கள் எண்ணெய்க் கட்டு எத்தனை நாள் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்கேபாய்டு கூடுவதற்குக் குறைந்தது 6 வாரமாவது மாவுக்கட்டு வேண்டும், பலருக்கு அதற்கும் மேல். இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையானாலும் புதுச்சேரி ஜிப்மர் ஆனாலும் சரி. "மணிக்கட்டு வலிக்கிறது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "விழுந்து 7 வாரம், ஸ்கேபாய்டு சந்தேகம்" என்று சொல்லுங்கள். அதற்கென்றே தனிக் கோணங்களில் எக்ஸ்ரே உண்டு. தேவைப்பட்டால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். முறிவு என்று வந்தால் இந்த ரேஸ் உங்களுக்கு இல்லை. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

மணிக்கட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தால்தான் காலர் போன் பேச்சுக்கு வருகிறோம்.

ரேஸ் அன்று உங்களுக்குச் சரியாக 12 வாரம் முடிந்திருக்கும். பெரியவர்களுக்குக் காலர் போன் கூடுவதற்கு 6 முதல் 12 வாரம் ஆகலாம். விழும் அபாயம் உள்ள விளையாட்டுகளுக்கு 12 வாரத்தை ஒட்டித்தான், அதுவும் எக்ஸ்ரே பார்த்த பிறகுதான், பெரும்பாலும் அனுமதி தருவார்கள். அதாவது நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். 7வது வாரத்தில் வலி இல்லாதது நல்ல சேதிதான். ஆனால் அதற்கு அர்த்தம், முறிவைச் சுற்றிப் புதிதாக வளர்ந்த எலும்பு அன்றாட அசைவைத் தாங்குகிறது என்பது மட்டுமே. தோள் தரையில் மோதும் அடியை அது தாங்குமா என்பது வேறு கேள்வி. கூடி வரும் எலும்பு மறுபடி உடைந்தால் பல நேரம் ஆபரேஷனில்தான் போய் முடியும். அந்த எலும்புக்கு நேர் கீழேதான் கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயும் நரம்புக் கொத்தும் ஓடுகின்றன.

ஆகவே 10வது வாரம் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். மருத்துவர் கூடிவிட்டது என்று சொல்ல வேண்டும், முறிந்த இடத்தை விரலால் அழுத்தினால் வலிக்கக் கூடாது, இரண்டு கையும் காதை ஒட்டி ஒரே உயரத்துக்குப் போக வேண்டும். பிறகு சுவரில் தண்டால், அதிலிருந்து மேசை விளிம்பு, கடைசியில் தரை. தரையில் வலியில்லாமல் 10 எடுக்க முடிந்தால், முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகைபோல நேராகப் பிடிக்கும் ப்ளாங்கில் ஒரு நிமிஷம் நிற்க முடிந்தால், சைக்கிளில் ஏறி நடைபாதை விளிம்பின் மேல் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்துப் பாருங்கள். கை நடுங்காமல், பல்லைக் கடிக்காமல் வர வேண்டும். பலர் கவனிக்காத ஒன்று, தண்ணீர்ப் பையின் தோள்பட்டை வார். அது போய் உட்காருவது சரியாக முறிந்த இடத்தின் மேல். இடுப்புப் பைக்கோ ஃப்ரேமில் மாட்டும் பாட்டிலுக்கோ மாறிவிடுங்கள்.

இரண்டு காயத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்னொரு சிக்கல் தெரிகிறது. இடது தோளைக் காப்பாற்ற உங்களை அறியாமல் பாரத்தை வலது கைக்கு மாற்றுவீர்கள். அந்தக் கைதான் ஏற்கெனவே சுரீர் என்கிறது. ஓய்வு கொடுக்க உங்களுக்கு நல்ல பக்கம் என்று ஒன்று இல்லை. அப்படி ஒரே கையில் பாரம் விழுந்து சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போனால், உள்ளங்கை ஓரத்தில் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். மரத்த விரலோடு பிரேக் பிடித்து இறக்கத்தில் போகக் கூடாது.

முட்டியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அது மூன்றில் எளிது. முன்பக்க வலிக்குப் பெரும்பாலும் காரணம் சீட் தாழ்ந்திருப்பது. ஒருமுறை விழுந்தவர்கள் கால் ஊன்ற வசதியாக இருக்கட்டும் என்று சீட்டைக் கொஞ்சம் இறக்கிவிடுவார்கள். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம், குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் முழுசாக நீள வேண்டும். ஏற்றத்தில் கனமான கியரில் மிதிக்காமல் இலகுவான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். முட்டியின் பின்பக்கம் வலிக்க ஆரம்பித்தால் சீட்டை அதிகம் ஏற்றிவிட்டீர்கள்.

இனி மாத்திரை. மெடிக்கலில் "வலிக்கு ரெண்டு செட் குடுங்க" என்று காகிதத்தில் மடித்து வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கே தெரியாது. ரேஸ் அன்று அதைத் தொடவே தொடாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். மணிக்கணக்காக வேர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது அதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும். டிரமடால் என்ற வலுவான வலி மருந்து தூக்கம், தலைசுற்றல் தரும். சைக்கிள் போட்டிகளில் சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ. அதை 2019லேயே தடை செய்தது, 2024 முதல் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் பட்டியலிலும் இருக்கிறது. இதற்கெல்லாம் மேல், உங்கள் நிலையில் வலிதான் ஒரே காவல். அதை மாத்திரையால் அமுக்கிவிட்டால், எலும்பு நகர்ந்தாலும் சுற்று முடிந்து இறங்கும்வரை தெரியாது.

ரிலேவில் காயம்பட்டவருக்கு ஓய்வு கிடைக்கிறது, அதனால் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் முட்டி வீங்கும், தோள் இறுகும். முதல் சுற்று நன்றாகப் போகும், மூன்றாவதில்தான் வினை. எனவே ரேஸில் மூன்றாவது சுற்று எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். 10வது வார எக்ஸ்ரே நன்றாக வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு ஒரு மணி நேரம், 9 மணிக்கு ஒரு மணி நேரம், பகல் 1 மணிக்கு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பாகூர் ஏரிக்கரை மண்பாதை போதும். ஆரோவில் பக்கத்துச் சரளையும் மழை அரித்த பள்ளங்களும் அன்றைக்கு வேண்டாம். இடைவேளையில் சாப்பிடுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், மறுபடி ஏறும் முன் கால் மணி நேரம் மெதுவாக மிதித்து உடம்பைச் சூடாக்குங்கள். நம் கடலோரப் புழுக்கத்தில் வேர்வை காயாது, உடம்பும் ஆறாது, ஆகவே வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல் ஓ.ஆர்.எஸ்ஸும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1 மணி சவாரியில் கை எப்படி இருக்கிறதோ அதுதான் உங்கள் பதில். காலை 5 மணிச் சவாரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

"நான் விலகினால் மூவரும் ஓட்ட முடியாது" என்பது உண்மையா என்று விதிமுறையைப் படித்துப் பாருங்கள். 2004 முதல் தென்னாப்பிரிக்காவில் நடக்கும் கேப் எபிக் போல இருவர் அணியாக ஓடும் ரேஸில் ஒருவர் மற்றவரை விட்டு இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. அங்கே ஒருவருடைய தோள் இருவருடைய ரேஸையும் கெடுக்கும். ரிலே அப்படியல்ல. 1992இல் அமெரிக்காவின் மேற்கு வெர்ஜினியாவில் தொடங்கிய 24 மணி நேர ரேஸ்களிலிருந்து இன்றுவரை, பாதையில் ஒரு நேரத்தில் அணியின் ஒருவர்தான். 12 சுற்று என்று வைத்துக்கொண்டால் மற்றவர்கள் 4, 3, 3 என்று எடுத்து உங்களுக்கு 2 விடலாம், விதி அனுமதித்தால். முதல் சுற்றை எடுக்காதீர்கள், கூட்டமாகக் கிளம்பும்போதுதான் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். இருட்டுச் சுற்றும் வேண்டாம். அணிக்கு மெதுவான சுற்றைவிடப் பெரிய நஷ்டம் பாதையின் நடுவில் நின்றுபோகும் சுற்றுதான். அது கணக்கில் வராது, அடுத்தவர் எல்லைக்கோட்டில் காத்துக்கொண்டு நிற்பார். இதை உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள், வற்புறுத்துவது குறையும்.

எப்போது நிறுத்துவது என்பதையும் நால்வரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விரலால் பிரேக் பிடிக்க முடியவில்லை என்றால் நிறுத்த வேண்டும். தோளில் புதிதாக 'க்ளிக்' சத்தம் வந்தால் நிறுத்த வேண்டும். தலையில் அடிபட்டு ஒரு நொடி குழம்பினாலும் அன்றைக்கு அவருக்கு ரேஸ் முடிந்தது, அது நீங்களானாலும் வேறு யாரானாலும். கேப்பர் மலையில் விழுந்தபோது ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால் அதையும் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் ஒருமுறைதான் அடியை வாங்கும், வெளியே கீறல் இல்லாவிட்டாலும்.

மணிக்கட்டு ரிப்போர்ட் கைக்கு வரும்வரை, சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் டிரெய்னரில் மட்டும் மிதியுங்கள், கையை ஊன்றாமல். அதற்குள் நான்காவது ஆளாக ஒருவரிடம் பேசி வைத்துவிடுங்கள். மாற்று ஆள் பெயர் கொடுக்கக் கடைசி நாள் எது என்று ரேஸ் நடத்துபவர்களிடம் இன்றே கேளுங்கள். அந்த நாள் உங்கள் 10வது வார எக்ஸ்ரேவுக்கு முன்னால் வந்தால், மாற்று ஆள் பெயரையே கொடுத்துவிடுங்கள்.