ட்ரெய்லரைக் கோக்கும் பிஃப்த் வீல் (இழுவை வண்டியின் மேல் இருக்கும் இணைப்புத் தட்டு) தேயாமல் இருக்க கிரீஸ் மட்டும் போதுமா?

போதாது. பழைய கிரீஸை வழித்தெடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் பூசிக்கொண்டு போனால் தேய்மானம் குறையாது. நீங்கள் முதல் வண்டி வாங்கியிருப்பவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

கடலூர் சிப்காட்டிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் ஓட்டும் தொழில் எங்களுடையது. கிழக்குக் கடற்கரைப் பக்கம் மணலும் உப்புக்காற்றும் எப்போதும் உண்டு. மணல் கலந்த கிரீஸ் தட்டின் மேல் அரம் போல வேலை செய்யும். ஆகவே பழையதைத் தகட்டால் சுரண்டி, டீசல் நனைத்த துணியால் துடைத்து, கீறலும் விரிசலும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அதிக அழுத்தம் தாங்கும் லித்தியம் இ.பி. 2 வகை கிரீஸைத் தட்டிலும், அதில் ட்ரெய்லரைப் பிடித்துப் பூட்டும் தாடையான லாக் ஜாவிலும் வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கிரீஸ் கழுவப்பட்டுவிடும் என்பதால், அந்த மாதங்களில் இதை அடிக்கடி செய்ய வேண்டும்.

ட்ரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டு லாக் ஜாவுக்குள் போய்ப் பூட்டும் எஃகு முளைதான் கிங்பின். அதில் மாட்டும் பிளாஸ்டிக் வட்டு இருந்தால் இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். வட்டு நல்லதுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அது தட்டின் மேற்பரப்பை மட்டுமே காக்கும். இழுவையின் விசை முழுவதையும் தாங்குகிற கிங்பின்னுக்கும் லாக் ஜாவுக்கும் அதனால் பயனில்லை.

வில்லியனூர் பக்கம் நாங்கள் வாங்கிய பழைய ட்ரெய்லர் ஒன்றில், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'டொக்' என்ற சத்தம் வருவதாக எங்கள் ஓட்டுநர் சொன்னார். பட்டறைக்காரர் ஸ்பிரிங் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஓட்டுநர் விடாமல் வற்புறுத்தியதால், கிங்பின்னைத் துடைத்து, வெர்னியர் என்ற அளவுகோலால் அதன் விட்டத்தை அளந்தோம். இரண்டு அங்குலக் கிங்பின் புதிதில் 50.8 மி.மீ. இருக்கும், 49-க்கு இறங்கினால் மாற்றியே ஆக வேண்டும். எங்களுடையது அதற்கும் கீழே போயிருந்தது. அதைவிட மோசமாக, ஒரு பக்கத்தில் வெல்டிங் வைத்துக் கிரைண்டரால் சமன் செய்த தடம் பெயிண்டுக்கு அடியில் தெரிந்தது. கிங்பின் சூட்டுப் பதம் ஏற்றிய எஃகு. அதில் வெல்டிங் வைத்தால் பதம் கெட்டு விரிசல் விடும், பின்னால் வருகிறவர்களின் உயிர் அதில் தொங்கும். கிங்பின்னை மாற்றியதோடு, தேய்ந்த கிங்பின் இழுவை வண்டியின் லாக் ஜாவையும் தின்றிருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. பல ட்ரெய்லர்களை மாற்றி மாற்றிக் கோக்கிறவர்கள் ஒவ்வொரு கிங்பின்னையும் அளக்க வேண்டியது இதனால்தான்.

தேய்மானம் என்றாலே ஓட்டுநர் மேல் பழி போடும் முதலாளிகள் நம் பக்கம் அதிகம். கிரீஸுக்குக் காசும், சுத்தம் செய்ய அரை நாள் ஓய்வும் கொடுக்காதவர்களுக்கு அந்த உரிமை கிடையாது என்பேன். இதற்காக என்னை யார் கோபித்தாலும் சரி.

ஓட்டுநரின் கையில் உண்மையாகவே இருப்பது கோக்கும் முறை. ட்ரெய்லரின் அடித்தட்டு பிஃப்த் வீலைவிடச் சற்றே தாழ்ந்திருக்கும்படி லேண்டிங் லெக்கை (கழற்றி நிறுத்தும்போது ட்ரெய்லரைத் தாங்கும் முன்கால்) சரிசெய்துகொண்டு, மெல்லப் பின்னால் வந்து கோக்க வேண்டும். பூட்டியதும் ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி லேசாக முன்னே இழுத்துப் பார்த்து, பிறகு இறங்கி டார்ச் அடித்து, லாக் ஜா கிங்பின்னைச் சுற்றி முழுவதும் மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டே லேண்டிங் லெக்கைத் தூக்குங்கள்.