பிரிக்காத பெட்டிக்கும் காலாவதி உண்டு

கேள்வி: புதுச்சேரியில் 22 அடி ஃபைபர் போட் வைத்திருக்கிறோம், ஒற்றை அவுட்போர்டு இன்ஜின். மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு தூண்டில் போடப் போவோம். நான்கு வருடத்துக்கு முன் படகு வாங்கியபோதே ஊதும் லைஃப் ஜாக்கெட், ஆபத்தில் கொளுத்திக் காட்டும் ஃப்ளேர், தீயணைப்பான், ஆபத்து சிக்னல் அனுப்பும் இபிர்ப் (EPIRB) கருவி எல்லாம் வாங்கிவிட்டோம். எதையும் இதுவரை பயன்படுத்தியதில்லை. அப்படியும் மாற்ற வேண்டுமா?

பதில்: சிலவற்றை உடனே மாற்ற வேண்டும். மற்றவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஃப்ளேர். தயாரித்த தேதியிலிருந்து பொதுவாக 3 வருடம்தான் அதன் ஆயுள். உங்களுடையது அநேகமாகக் காலாவதியாகியிருக்கும். கையில் பிடிக்கும் சிவப்பு ஃப்ளேர் எரிவதே சுமார் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் அது நமுத்துப்போய்ப் புகைந்தால் உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். புதிதாக வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள், கடையில் ஒரு வருடம் கிடந்த சரக்கும் வரும். பழையதைத் தீபாவளிக்குக் கொளுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். கரையோரம் சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் யாரோ ஆபத்தில் இருப்பதாக நினைத்துப் படகு கிளம்பிவிடும். குப்பையிலும் போடக்கூடாது. விற்ற கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கடலோரக் காவல்படையிடம் வழி கேளுங்கள்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் சின்ன கார்பன் டை ஆக்சைடு வாயு சிலிண்டரைக் கழற்றுங்கள். அதன் உடம்பிலேயே குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும். சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். அதைவிடக் குறைந்தால் வாயு கசிந்திருக்கிறது என்று அர்த்தம். கழுத்துப் பக்கம் துளை விழுந்திருந்தால் அது காலி சிலிண்டர். துரு பிடித்திருந்தாலும் மாற்றிவிடுங்கள், அந்தத் துரு பக்கத்திலிருக்கும் துணியையும் அரித்துவிடும். திரும்பப் பொருத்தும்போது கையாலேயே இறுக்கித் திருகுங்கள். படகின் அதிர்விலேயே சிலிண்டர் தளர்ந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் பட்டதும் தானாக ஊதும் வகையென்றால் உள்ளே கரையும் மாத்திரை ஒன்று இருக்கும். அதற்கும் தனியாகத் தேதி உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில், மூடிய பெட்டிக்குள் கிடந்தால், தேதிக்கு முன்பே அது நமுத்துப்போகலாம். அப்புறம், வாயால் ஊதும் குழாய் வழியாக ஜாக்கெட்டை நன்றாக ஊதி ஓர் இரவு வையுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் அதைப் பிள்ளைகளுக்கு மாட்டிவிடாதீர்கள்.

தீயணைப்பானில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நின்றால் மட்டும் போதாது. இன்ஜின் அதிர்வில் உள்ளே இருக்கும் பவுடர் அடியில் இறுகிவிடும். மாதம் ஒருமுறை தலைகீழாகப் பிடித்து அடியில் தட்டுங்கள், பவுடர் சரிவது கையிலேயே தெரியும். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் மாட்டி வைக்காதீர்கள். அங்கே தீப்பிடித்தால் கை எட்டாது.

இபிர்ப்பின் பேட்டரி தேதி அதன் மேலேயே இருக்கும். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் செல்ஃப் டெஸ்ட் செய்யுங்கள். சும்மா சும்மா அழுத்தினால் பேட்டரிதான் தீரும். அதைவிடப் பலர் மறப்பது பதிவை. 406 மெகாஹெர்ட்ஸில் அது அனுப்பும் சிக்னல் செயற்கைக்கோள் வழியாக பெங்களூரில் உள்ள இஸ்ரோ மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கு வருகிறது. பதிவில் நீங்கள் கொடுத்த எண்ணைத்தான் அழைத்து விசாரிப்பார்கள். நான்கு வருடத்தில் சிம் மாற்றியிருந்தால் பதிவையும் திருத்துங்கள். அந்த எண், கடலுக்கு வராமல் வீட்டில் இருப்பவருடையதாகவும் இருக்கட்டும். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணையும் அவரிடம் எழுதிக் கொடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். உங்கள் வருடாந்திரச் சோதனையையும் அப்போதே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த முறை அதுவரை காத்திருக்க வேண்டாம். புது ஃப்ளேர் வந்து, எல்லா சிலிண்டரையும் எடை பார்த்த பிறகு அடுத்த தூண்டிலுக்குக் கிளம்புங்கள்.