பழைய லொறியின் என்ஜினை எப்போது இறக்கிக் கட்ட வேண்டும்?

கேள்வி: கல்முனையில் நெல்லும் அரிசியும் ஏற்றும் ஈசூசு எல்ஃப் லொறி, 4ஜேபி1 என்ஜின், டர்போ இல்லை. 4 இலட்சம் கிலோமீற்றர் தாண்டிவிட்டது. ஓயில் குறைகிறது, நீலப் புகை வருகிறது. கராஜில் என்ஜினை இறக்கச் சொல்கிறார்கள். இப்போதே செய்ய வேண்டுமா, அறுவடை முடியும்வரை ஓட்டலாமா?

பதில்:

மீற்றர் காட்டும் கிலோமீற்றரை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. நேரத்துக்கு ஓயில் மாற்றி, சூடேறவிடாமல் ஓட்டிய 4ஜேபி1, 5 இலட்சம் தாண்டியும் ஓடும். பராமரிக்காதது 2 இலட்சத்திலேயே முடிந்துவிடும். புகையை மட்டும் பார்த்தும் முடிவெடுக்க வேண்டாம். ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) தேய்ந்த என்ஜின் ஓயிலைக் குடித்துக்கொண்டு இன்னும் ஒரு போகம் ஓடித் தரும். கிராங் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுழலும் பெயாரிங் தேய்ந்த என்ஜின் ஒரு நாள்கூடத் தவணை தராது. கொன்றொட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) உடைந்து புளொக்கைத் துளைத்துவிட்டால் கட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது, வேறு என்ஜின்தான் தேட வேண்டும். ஆகவே முதலில் அளக்க வேண்டியது ஓயில் பிரஷர்.

டாஷ்போர்ட் விளக்கை நம்பாதீர்கள். அது பிரஷர் ஏறக்குறைய 5 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இறங்கினால்தான் எரியும், அப்போது பெயாரிங் ஏற்கெனவே உரசியிருக்கும். ஓயில் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பூட்டுங்கள். சுமையோடு 30 கிலோமீற்றராவது ஓடி என்ஜின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். குளிர்ந்த என்ஜினில் எல்லா அளவும் நல்லதாகவே தெரியும். ஐட்லில் 10 முதல் 15 பிஎஸ்ஐயும், 2000 ஆர்பிஎம்மில் 30க்கு மேலும் இருந்தால் கிராங், பெயாரிங் உள்ள கீழ்ப்பகுதியைப் பற்றிக் கவலை வேண்டாம். குறைந்தால் உடனே கிராங்கைச் சந்தேகிக்காமல் டிப்ஸ்டிக்கை எடுத்து மணந்து பாருங்கள். டீசல் மணம் வந்தாலோ, ஓயில் மட்டம் குறையாமல் கூடியிருந்தாலோ, டீசல் பம்பின் சீல் வழியாக டீசல் ஓயிலில் கலக்கிறது. அதைத் திருத்தி, 15டபிள்யூ-40 ஓயிலும் புது பில்டரும் போட்டுத் திரும்ப அளவுங்கள்.

கழற்றிய பில்டரை எறிய வேண்டாம். வாளால் சுற்றி அறுத்து, உள்ளே மடிந்திருக்கும் தாளை வெட்டி எடுத்து, வெள்ளைத் துணியில் வைத்துப் பிழியுங்கள். கரி மட்டும் வந்தால் நல்லது. வெயிலில் பிடித்தால் மினுங்கும் வெள்ளித்தூள் வந்து, அது காந்தத்தில் ஒட்டாவிட்டால் பெயாரிங்கின் மேற்பூச்சாக இருக்கலாம், பிஸ்டனின் அலுமினியமாகவும் இருக்கலாம். செம்பு நிறம் கண்டால் பெயாரிங் அடித்தகடுவரை தேய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த லொறியை அறுவடைக்கு அனுப்பவே கூடாது.

அடுத்தது புளோ-பை, அதாவது ரிங்கைத் தாண்டி என்ஜினின் கீழ்ப்பகுதிக்குள் கசியும் காற்று. சூடான என்ஜினை ஐட்லில் விட்டு ஓயில் ஊற்றும் மூடியைத் திறவுங்கள். ரொக்கர் அடித்து ஓயில் துளி தெறிப்பது வழமை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மெல்லிய ஆவி சீராக வந்தாலும் சரி. குபுக் குபுக் என்று விட்டுவிட்டு வந்தால் ஒரு சிலிண்டரில் குறை, மூடியைத் தள்ளும் அளவுக்கு விடாமல் ஊதினால் எல்லா ரிங்கும் போயிருக்கலாம். ஆனால் ரிங்கில் பழி போடுமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் இது. இந்த என்ஜினில் பிரேக்குக்கான வெக்கியூம் பம்ப் அல்டர்னேற்றரின் பின்னால் இருக்கிறது, அதன் ஓயில் திரும்பிச் சம்புக்குத்தான் (என்ஜினின் அடியிலுள்ள ஓயில் தொட்டி) வருகிறது. அந்தப் பம்ப் தேய்ந்தாலோ, வெக்கியூம் ஹோஸில் ஓட்டை இருந்தாலோ காற்று கிராங்கேஸுக்குள் (கிராங் இருக்கும் கூடு) இறங்கி, ரிங் போனதைப் போலவே ஊதும். பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடத்துக்கு மேல் போகாமல் ஐட்லில் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். ஊதல் அடங்கினால் அதற்குக் காரணம் ரிங் இல்லை. பெல்ட் இல்லாதபோது தண்ணீர்ப் பம்பும் ஓடாது, பிரேக்கும் பிடிக்காது. எனவே லொறியை நகர்த்த வேண்டாம்.

நீலப் புகை எப்போது வருகிறது என்பதில் விஷயம் இருக்கிறது. இரவு முழுக்க நின்று காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து மறைந்தால் வால்வு சீல். கண்டி வீதியில் ஹசலக்கவுக்கு அப்பாலுள்ள 18 வளைவு மலையேற்றத்தில் சுமையோடு ஏறும்போது விடாமல் வந்தால் ரிங். அதே வளைவில் இறங்கி, கீழே வந்து அக்சிலேற்றரை மிதிக்கும்போது ஒரு மொத்தை கக்கினால் வால்வு கைடாக (வால்வின் தண்டு ஓடும் குழாய்) இருக்கலாம். சீலும் கைடும் ஹெட்டைக் கழற்றிச் செய்யும் வேலை, என்ஜினை இறக்கத் தேவையில்லை. கறுப்புப் புகைக்கும் ஓவர்ஹோலுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. நொசிலையும் எயார் பில்டரையும் பாருங்கள்.

ஓயில் எவ்வளவு குடிக்கிறது என்பதைக் கண்மதிப்பில் சொல்லாமல் அளந்து சொல்லுங்கள். சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, மேல்கோடு வரை நிரப்புங்கள். கொழும்புக்குப் போய்வந்தால் 600 கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கும். அதே இடத்தில் நிறுத்தித் திரும்ப நிரப்புங்கள். வெளியே ஒழுகவில்லை என்பதையும் உறுதிப்படுத்துங்கள். அரை லீற்றர் என்றால் இந்த வயதுக்கு அது பொறுக்கக்கூடியது. ஒரு லீற்றருக்கு மேல் போனால் கொம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

கொம்ப்ரெஷன் பார்க்குமுன் டேப்பட்டை (வால்வுக்கும் ரொக்கருக்கும் இடையிலான இடைவெளி) குளிர்ந்த நிலையில் 0.40 மி.மீ. வையுங்கள். இறுகிய வால்வு பொய்யான அளவு காட்டும். பிறகு என்ஜினைச் சூடாக்கி, நான்கு ஹீட்டர் பிளக்கையும் கழற்றி, டீசல் நிறுத்தும் சொலனோயிட் வயரை எடுத்துவிட்டு, நல்ல பற்றரியில் சுற்றுங்கள். பெற்றோல் என்ஜின் கேஜ் வேண்டாம், 600 பிஎஸ்ஐ வரை காட்டும் டீசல் கேஜ் வேண்டும். புது நிலையில் இந்த என்ஜினுக்கு ஏறக்குறைய 440 பிஎஸ்ஐ. நான்கும் 350க்கு மேலே, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் நான் இறக்கச் சொல்ல மாட்டேன். 300க்குக் கீழே போனால் இறக்க வேண்டியதுதான். மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் விழுந்தால், அந்த சிலிண்டரின் பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, கிராங் திரும்பாமல் பிடித்து, கொம்ப்ரெஸர் காற்றை உள்ளே விடுங்கள். ஓயில் மூடியில் சத்தம் வந்தால் ரிங், சைலன்சரில் வந்தால் எக்ஸோஸ்ட் வால்வு, ரேடியேற்றரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கற். பெற்றோல் என்ஜினில் செய்வதுபோல ஓயில் ஊற்றிப் பார்க்கும் சோதனை இங்கே சரிவராது. டீசலில் எரியறை சிறியது, கொஞ்ச ஓயிலே இடத்தை நிரப்பி அளவை உயர்த்திக் காட்டும். ஊற்றும் ஓயில் அளவு மீறினால் கொன்றொட்டையே வளைத்துவிடும்.

இன்னொன்று: மட்டக்களப்பு, அம்பாறை வெக்கையில் டீசல் என்ஜின் காலையில் ஒரே சுற்றில் பிடிக்க வேண்டும். நீளச் சுற்றியும் பிடிக்காமல் வெள்ளைப் புகை வந்து, டீசல் லைனில் காற்றும் இல்லை, ஸ்டார்டரும் நல்லது என்றால், கொம்ப்ரெஷன் குறைந்ததற்கு அது நல்ல சாட்சி.

இத்தனைக்கும் பிறகு எல்லாம் ரிங்கைக் காட்டினால், ஏன் தேய்ந்தது என்பதைக் கண்டுபிடியுங்கள். நெல் ஏற்றும் லொறிக்கு வயல் தூசி பெரிய எதிரி. எயார் பில்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி உட்புறத்தை விரலால் தடவுங்கள். விரலில் புழுதி வந்தால், ஹோஸை மாற்றாமல் புது ரிங் போடுவது வீண்செலவு. கடற்கரையோரக் கிணற்று உப்புத்தண்ணீரை ரேடியேற்றருக்கு ஊற்றுவதும் அப்படித்தான். உள்ளே உப்புப் படிந்து சூடேறி லைனரைக் கெடுக்கும்.

உங்கள் லொறிக்கு: ஓயில் பிரஷர் நன்றாக இருந்து, பில்டரில் உலோகம் இல்லாமல், கொம்ப்ரெஷன் 300க்கு மேல் நின்றால், பெரும்போக அறுவடையை ஓடி முடியுங்கள். தினமும் காலையில் ஓயில் பாருங்கள், 5000 கிலோமீற்றருக்கு மாற்றுங்கள். வேலை குறைந்த இடைக்காலத்தில் இறக்கலாம். பிரஷர் குறைவென்றால் இன்றே நிறுத்துங்கள்.

இறக்கினால் ரிங்கை மட்டும் மாற்றச் சம்மதிக்க வேண்டாம். 4ஜேபி1இல் வருவது குரோம் பூசிய மெல்லிய லைனர் (பிஸ்டன் ஓடும் உட்குழாய்), அதை ஹோன் பண்ண (உள்ளே தேய்த்துச் சீராக்க) முடியாது. தேய்ந்திருந்தால் லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் ஒரே செட்டாக மாற்ற வேண்டும். புது லைனர் புளொக்கின் மேல்முகத்துக்கு மேலே 0.1 மி.மீ.க்கு மேல் நிற்கக் கூடாது, கீழே இறங்கவும் கூடாது. ரிங் வாய் இடைவெளி 0.2 முதல் 0.4 மி.மீ. வரை. ஹெட் கேஸ்கற்றைக் கடையில் கிடைத்ததை வாங்காமல், பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது என்று அளந்து அதற்கேற்ற தடிப்பில் வாங்குங்கள். கிராங்குக்கு மேற்பரப்பைக் கடினமாக்கும் பதம் கொடுத்திருக்கிறார்கள், அதனால் கம்பனிக் கையேடு அதைக் கடையக் கூடாது என்கிறது. லேத்தில் கடைந்து மெலிந்த பெயாரிங் போட்டு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். சுமை ஏற்றும் லொறிக்கு நான் நல்ல கிராங் ஒன்றைத் தேடச் சொல்வேன். ஜப்பான் ரீகண்டிசன் என்ஜின் வாங்குவதானால் அதையும் இதே கேஜால் அளந்து வாங்குங்கள், என்ஜின் எண் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியுங்கள்.

கட்டி முடிந்ததும் நீண்டநேரம் ஐட்லில் விட வேண்டாம், ரிங் லைனரோடு பதியாமல் போகும். முதல் 1000 கிலோமீற்றர் அரைச் சுமையில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடுங்கள். பிறகு ஓயிலையும் பில்டரையும் மாற்றி, டேப்பட்டைத் திரும்ப வைத்து, அந்தப் பில்டரையும் அறுத்துப் பாருங்கள்.