பெட்டியில் இருந்த ஷூ பொடிந்தது ஏன்?

கேள்வி: அண்ணாச்சி, என் கல்யாணத்துக்கு வாங்கிய கறுப்பு ஷூவை ரெண்டே தடவை போட்டுவிட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். மூணு வருஷம் கழித்து எடுத்துப் போட்டால், மண்டபப் படி ஏறுவதற்குள் அடிப்பாகம் உதிர்ந்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? மழைக்கு முன்னால் ஷூ, பெல்ட், குடை வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்க?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், தம்பி. அந்த சோல் பி.யு., அதாவது பாலியூரித்தேனாக இருக்கும். மெத்தென்று, கனமில்லாமல் இருப்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் காற்றில் உள்ள ஈரம் பட்டுப் பட்டு அது உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். போடாமல் பூட்டி வைத்தாலும் அதற்கு வயது ஏறும். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம். நம் குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் கொட்டுகிறது. பாலித்தீன் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்தால் ஈரம் போக வழி ஏது?

மேல்பாகம் நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நல்ல செருப்பு தைக்கிறவரிடம் கொடுங்கள். பழைய பி.யு. முழுவதையும் சுரண்டி எடுத்து, ரப்பர் சோல் ஒட்டி, சுற்றிலும் தையலும் போடச் சொல்லுங்கள். வெறும் பசை நம் மழைக்குத் தாங்காது.

புதிதாக வாங்கும்போதும் ரப்பர் சோலையே கேளுங்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் காயப்போட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அதன் உழைப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தையலை மட்டும் கண்ணால் நம்பாதீர்கள். சோல் ஓரத்தில் தையல் மாதிரியே அச்சு வார்த்து விடுகிறார்கள். நகத்தால் நெருடினால் நூல் தட்டுப்பட வேண்டும். உள்ளே இருக்கும் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அந்த நூல் ஓரமாக ஓடுவதும் தெரியும். அப்படித் தெரிந்தால் தைரியமாக வாங்கலாம்.

தோல் ஷூ நனைந்துவிட்டால் வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்கவே கூடாது, விறைத்து வெடிக்கும். செய்தித்தாளைத் திணித்து, ஃபேனுக்குக் கீழே காயவிடுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததை அலமாரியில் வைத்தால் பூசணம் பிடிக்கும்.

பெல்ட்டுக்குப் பளபளப்பைப் பார்க்காதீர்கள். துளையையும் வெட்டு ஓரத்தையும் பாருங்கள். பிளைவுட் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுத் தோல், சீக்கிரம் உரிந்துவிடும். ஒரே தோலாக இருப்பதை வாங்கினால் வருஷக்கணக்கில் உழைக்கும். பக்கிளில் காந்தம் ஒட்டினால் அநேகமாக உள்ளே இரும்புதான். குளச்சல், முட்டம் மாதிரிக் கடற்கரை ஊரில் அது துருப்பிடித்துச் சட்டையில் கறையாக்கும். பித்தளை பக்கிள் நல்லது.

குடையில் மூன்றாக மடக்குவது பைக்குள் வைக்க வசதி, ஆனால் மூட்டுக்கு மூட்டு பலவீனம். ஆரல்வாய்மொழிக் காற்றில் அது ஒரு நொடியில் மல்லாந்துவிடும். ஃபைபர் கம்பி போட்ட நீளக் குடை வளைந்து கொடுத்துத் திரும்பும். பைக்கில் போகிறவர் என்றால் குடையே வேண்டாம். சட்டை தனி, பேண்ட் தனி என்று வரும் மழைக்கோட்டு வாங்குங்கள். வாங்குமுன் உள்பக்கம் திருப்பி, தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் இறங்குவது அந்த ஊசித்துளை வழியாகத்தான்.