வலிப்பது எந்தப் பல்?

கேள்வி: என் தாயாருக்கு வயது 64. இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றதால், மதுரையில் ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். வாயைப் பார்ப்பதற்கு முன்பே சர்க்கரை உண்டா, இதய நோய் உண்டா, எலும்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கால் மணி நேரம் விசாரித்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்துவிட்டு, கெட்டிருப்பது மேல் பல் என்கிறார். வலிக்கிறவருக்குத் தெரியாதா எந்தப் பல் என்று?
– திருமங்கலம் வாசகர்

பதில்: பல நேரங்களில் தெரியாது. மேல் தாடை, கீழ்த் தாடை இரண்டின் உணர்வையும் மூளைக்குக் கொண்டு செல்பவை முப்பெரு நரம்பு என்ற ஒரே நரம்பின் கிளைகள்தாம். பல்லின் உள்ளே இருக்கும் கூழ் மட்டும் அழற்சியுற்றிருக்கும்போது வலி மேலிருந்து கீழுக்கும், கீழிருந்து மேலுக்கும் தாவித் தெரியும். ஆனால் இடப்பக்கத்து வலி வலப்பக்கம் போவது அரிது. அழற்சி வேர் நுனியைத் தாண்டிய பிறகுதான் நோயாளி விரல் வைத்து, 'இதுதான்' என்று காட்ட முடியும். அதற்கு முன் அவர் காட்டிய பல்லைப் பிடுங்கினால், நல்ல பல் போய் வலி மட்டும் மிஞ்சும். அப்படி ஒரு பல்லை இழந்த பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

ஜிகர்தண்டா குடித்தபோது கூசியது என்று ஒருவர் சொன்னால், நான் அத்துடன் விடுவதில்லை. டம்ளரைக் கீழே வைத்த பிறகு எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்பேன். சில நொடிகளில் அடங்கினால், சொத்தையை அடைத்தே பல்லைக் காப்பாற்றிவிடலாம். நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, சூடான காபிக்கு விண்விண்ணென்று தெறித்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, பெரும்பாலும் வேர் சிகிச்சை தேவைப்படும். கடிக்கும்போது அல்லாமல் கடித்ததை விடும்போது சுருக்கென்றால், பல்லில் விரிசல் இருக்கலாம். அது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். குனிந்தால் மேல் பற்கள் எல்லாம் சேர்ந்து கனப்பது, சைனஸ் கோளாறாக இருக்கக்கூடும். இவற்றையெல்லாம் கேட்டு ஓர் ஊகத்துக்கு வந்த பிறகே, கண்ணாடிக் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டியும், குளிர்ச்சி வைத்தும், படம் எடுத்தும் அதைச் சரிபார்க்கிறோம்.

மாத்திரைகளைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் வேறு. எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்கு, பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லாமல் மறைப்பதும், பல் எடுக்கப் போகிறோமே என்று தாங்களாகவே நிறுத்துவதும் ஒரே அளவுக்கு ஆபத்து. பெயர் நினைவில்லை என்றால், மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்; 'வெள்ளையாக, சின்னதாக இருக்கும்' என்ற வர்ணனையை வைத்து எந்த மருத்துவராலும் ஒன்றும் செய்ய இயலாது.

தாயாரிடம் நீங்களும் ஒன்று கேளுங்கள்: படி ஏறும்போது இடது தாடை வலித்து, உட்கார்ந்தால் அடங்குகிறதா? ஆம் என்றால், பல்லுக்கு முன் இதய மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.