அப்பத்தா திறந்து வைத்த அறை

கேள்வி: கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு (11, 8 வயது) கிராமத்து வாழ்க்கையைக் காட்ட நான்கு நாள் செட்டிநாடு போகிறோம். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். அங்கே ரூம் போட்டுவிட்டோம். பக்கத்து ஊரில் என் கணவரின் அப்பத்தா (82) தனியாக இருக்கிறார். அங்கே ஏசி இல்லை, வெஸ்டர்ன் டாய்லெட் இல்லை. அதனால் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறோம். நாங்கள் வருவது தெரிந்து எங்கள் அறையைத் திறந்து ஒட்டடை அடித்து வைத்திருக்கிறாராம், பாவம். பிள்ளைகளுக்குப் போரடிக்காமல் எதையெல்லாம் காட்டலாம்?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: ஊர் சுற்றுவதை அப்புறம் பார்ப்போம். ‘எங்கள் அறை’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசுவோம்.

செட்டிநாட்டு வீடுகளில் வளவைச் (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) சுற்றியுள்ள அறைகள் சும்மா கட்டியவை இல்லை. கல்யாணமான மகனுக்கு ஆளுக்கு ஓர் அறை. கணவனும் மனைவியும் சேர்ந்தால் கோயில் கணக்கில் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பம்; வீட்டில் ஓர் அறை. சீர்ச் சாமானைப் பூட்டி வைப்பதும், விசேஷத்துக்கு வந்தால் தங்குவதும் அதில்தான். 82 வயதில் அதைத் திறந்து ஒட்டடை அடித்திருக்கிறார். ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களுக்காக யாராவது அப்படிச் செய்வார்களா? நீங்கள் தங்குவீர்கள் என்று நம்பியிருக்கிறார், அம்மா. ஹோட்டலில் ரூம் போட்டதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை என்றுதான் தெரிகிறது. எனக்குக் கோபம் அதில்தான். பாவம் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் கடமை முடிந்துவிடாது.

சொந்த வளவு கூட்டிப் பெருக்கிக் காத்திருக்கும்போது, வேறொரு குடும்பத்தின் வளவில் காசு கொடுத்துப் படுத்து எதைக் காட்டப் போகிறீர்கள்? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. தூண், கதவு, எனாமல் தூக்கு என்று எல்லாம் விலைக்குக் கிடைக்கும். பேரன் பேத்தி வராமல் பூட்டியே கிடந்த வீடுகளின் சாமான்களும் அங்கேதான் வந்து சேர்கின்றன.

டாய்லெட் ஒரு காரணமா? கீழே உட்காரும் டாய்லெட் மேல் வைக்கிற கமோடு ஸ்டூல் கடையில் கிடைக்கிறது. வாங்கிப் போய் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். 82 வயது முட்டிக்கு இத்தனை நாள் அதை ஏன் வாங்கித் தரவில்லை என்று உங்கள் கணவரிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். ஏசிக்குப் பதில் வளவில் பாய் விரித்து, கொசுவலை கட்டிப் படுங்கள்.

ஒரு காலையில் பிள்ளைகளை ஆத்தங்குடிக்குக் கூட்டிப் போங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டுக் கையாலேயே தரைக்கல் செய்வார்கள். சூளையே கிடையாது. மற்ற நேரமெல்லாம் அப்பத்தாவோடு இருக்கட்டும்.

ரூமை கேன்சல் செய்துவிட்டு இன்றைக்கே போன் போடுங்கள். நான்கு நாளும் அங்கேதான் என்பதை உங்கள் கணவரே சொல்லட்டும். பிள்ளைகளுக்கு என்ன செய்து வைக்கட்டும் என்று அப்பத்தா கேட்பார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வெள்ளைப் பணியாரம் கேளுங்கள். அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு அரைப்பது உங்கள் வேலை. அவர் உட்கார்ந்தபடி பக்குவம் சொல்லட்டும்.