இரவு பதினொரு மணிக்கும் அனல் இறங்கும் அறை: ஏ.சி. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: மதுரையில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். சொந்த வீடு, கட்டி 22 ஆண்டுகள் ஆகின்றன. கோடையில் இரவு பதினொரு மணிக்கும் படுக்கையறையில் மின்விசிறிக் காற்று அனலாக இறங்குகிறது. 10-க்கு 12 அடி அறைக்கு 2 டன் ஏ.சி. வாங்கும்படி கடையில் சொல்கிறார்கள். இப்போதே மின்பயன்பாடு இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டைத் தாண்டுகிறது. இன்னொரு சிறிய தொல்லை, வெறுங்காலோடு ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் சில சமயம் சுருக்கென்கிறது. எந்த ஏ.சி. வாங்கலாம்? சோலார் போட்டால் கட்டுப்படியாகுமா?

பதில்: சிறிய தொல்லை என்று நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருப்பதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். ஃபிரிட்ஜின் உடல் சுருக்கென்கிறது என்றால், அந்தச் சாக்கெட்டின் எர்த் கம்பி வேலை செய்யவில்லை என்றே கொள்ளுங்கள். உங்கள் வீட்டின் வயதில் உள்ள வீடுகள் சிலவற்றில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயோடு இணைத்திருப்பார்கள். பின்னாளில் இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. குழாய் போட்டபோது, யாரும் கவனிக்காமலே எர்த் அறுந்துபோயிருக்கும். குழி தோண்டி எர்த் போட்ட வீடுகளிலும், கோடையில் மண் காய்ந்து இறுகினால் அதன் பயன் குறைந்துவிடும். இவற்றைவிட மோசமானது, மூன்று பின் சாக்கெட்டில் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடும் வேலை. எங்கோ நியூட்ரல் கம்பி விடுபட்டால், ஃபிரிட்ஜின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தச் சாக்கெட்டை உங்கள் கண் முன்னால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

அதோடு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருக்க வேண்டும். எம்.சி.பி. இருக்கிறதே என்று பலரும் நினைக்கிறார்கள். எம்.சி.பி. காப்பது கம்பியை, அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடினால்தான் அது விழும், அதாவது இணைப்பைத் துண்டிக்கும். மனித உயிரைப் பறிக்க ஒரு ஆம்பியரில் சிறு பங்கு போதும் என்பதால், 16 ஆம்பியர் எம்.சி.பி. அதை உணரவே உணராது. ஆர்.சி.சி.பி. என்பது ஃபேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கருவி. கணக்கு இடித்தால், நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆனால் ஒருவர் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதிக லோடும் அதற்குத் தெரியாது, ஆகவே எம்.சி.பி.யும் கூடவே வேண்டும்.

பழைய வீட்டில் இதைப் பொருத்தியதும் அடிக்கடி விழும். பெரும்பாலும் அது கருவியின் குறை அல்ல. இரண்டு சர்க்யூட்டுகளுக்கும் ஒரே நியூட்ரல் ஓடியிருக்கும், அல்லது இன்வெர்ட்டரின் நியூட்ரல் வீட்டு நியூட்ரலோடு கலந்திருக்கும், அல்லது கீசரின் சூடேற்றும் சுருளில் மின்சாரம் கசியும், அல்லது மழையில் நனையும் காலிங் பெல் சுவிட்சில் ஈரம் இறங்கியிருக்கும். ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பது அரை நாள் வேலை. அந்தப் பொறுமை இல்லாதவர்கள், தொல்லை தருகிறது என்று கருவியைத் தாண்டி நேராக இணைத்துவிட்டுப் போவார்கள், அதற்குச் சம்மதிக்காதீர்கள். மாதம் ஒரு முறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இனி வெப்பம். பகல் முழுவதும் வெயில் குடித்த மொட்டை மாடியின் மேற்பரப்பு, சித்திரை வெயிலில் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாகக்கூடும். அந்தச் சூடு நான்கைந்து அங்குல கான்கிரீட்டைக் கடந்து அடிப்பக்கம் வர சில மணி நேரம் ஆகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு அடித்த வெயில் உங்கள் படுக்கைக்கு மேல் இரவில் வந்து சேர்வது இதனால்தான். மின்விசிறி கூரையை ஒட்டி நிற்கும் சூடான காற்றைக் கீழே தள்ளுகிறது, அவ்வளவே. இதை நீங்களே சோதிக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு மேசை மேல் ஏறி நின்று உள்கூரையில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு உள்சுவரில் வையுங்கள். கூரை தெளிவாகச் சூடாக இருந்தால், 2 டன் ஏ.சி. வாங்குவது அந்தக் கான்கிரீட்டைக் குளிர்விக்கக் காசு கொடுப்பதாகும்.

கூரைக்குச் செய்யக்கூடியவற்றில் செலவும் பலனும் ஒத்துப்போவது வெள்ளைப் பூச்சுதான். உங்கள் மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட தளத்தின் மேல் சிவப்புத் தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்திருக்கக் கூடும். அந்தச் சிவப்பு வெயிலை நன்றாகவே உறிஞ்சும். பாசியைத் தேய்த்துக் கழுவி, ஓட்டின் இடுக்குகளையும் வெடிப்புகளையும் அடைத்து, நன்கு காய்ந்த பிறகு, வெயிலைத் திருப்பும் கூல் ரூஃப் பூச்சை இரண்டு கோட் அடிக்க வேண்டும். டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள், வெயிலில் பூச்சு எவ்வளவு சூடேறாமல் இருக்கும் என்பதைக் காட்டும் குறியீடு அது. அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. வெறும் சுண்ணாம்பு அடித்தாலும் பலன் உண்டு, ஆனால் ஒரு மழைக்காலத்தோடு பெரும்பகுதி கரைந்துவிடும். எந்தப் பூச்சானாலும் தூசி படிந்தால் திறன் குறையும் என்பதால், பங்குனி பிறக்கும்போது ஒரு முறை கழுவுங்கள். வெள்ளைப் பளிங்கு ஓடும் நல்லதே, மழையில் வழுக்குவதை மட்டும் நினைவில் வையுங்கள். பசுமை நிழல்வலையை இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஏழடி உயரத்தில் கட்டுவதும் உதவும். தென்னங்கீற்றுக் கொட்டகை இதமானதுதான். தீபாவளி ராக்கெட் ஒன்று வந்து விழும் தெருவில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேற்கு ஜன்னல் இருந்தால், திரைச்சீலையை விட வெளிப்பக்கம் தொங்கும் மூங்கில் தட்டி மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரை மறித்துப் பெரிய பயனில்லை.

அடுத்தது மின்விசிறி. பழைய மின்விசிறி 70 முதல் 80 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. எனப்படும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட புதிய வகை 28 முதல் 35 வாட்டில் அதே காற்றைத் தரும். ஒரு மின்விசிறி நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் சுமார் 30 யூனிட் மிச்சம். நான்கு மாற்றினால் 120 யூனிட்டுக்குக் குறையாது. தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தில் இதற்கு இரட்டைப் பயன் உண்டு. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல், அதற்குக் கீழேயுள்ள யூனிட்டுகளின் ஒரு பகுதிக்கும் கட்டண விகிதம் உயர்ந்துவிடுகிறது. ஏ.சி. வந்தால் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டுவது ஏறக்குறைய உறுதி. எவ்வளவு தாண்டுவீர்கள் என்பதுதான் உங்கள் கையில் இருக்கிறது.

கூரையைச் சரிசெய்த பிறகு 120 சதுர அடி அறைக்கு 1 டன் இன்வெர்ட்டர் ஏ.சி. (தேவைக்கேற்ப கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை) போதும். அளவுக்கு மீறிய ஏ.சி. அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரத்தை முழுதாக எடுக்காது. அதனால் குளிர்ந்தும் பிசுபிசுக்கும். நட்சத்திர எண்ணிக்கையோடு லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள், ஏனெனில் விதிமுறை அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. 2020 முதல் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் இயல்பாகத் தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு 26 அல்லது 27-ல் வைத்தால் பெரும்பாலோருக்குப் போதுமானது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது நட்சத்திர லேபிள் வழங்கும் மத்திய அரசு அமைப்பான பி.இ.இ.யின் கணக்கு. ஏ.சி.க்கு மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்துத் தனி எம்.சி.பி. வையுங்கள், இருக்கிற ஏதோ ஒரு சாக்கெட்டில் செருகாதீர்கள். ஒரு மணி நேரம் ஓடியதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது.

சோலார் கட்டுப்படியாகும், ஆனால் கடைசியாக. ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் தரும். வீட்டுக் கூரை சோலாருக்காக மத்திய அரசு 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் உண்டு. பேட்டரி இல்லாத அமைப்பு, மின்சாரம் போனால் தானும் நின்றுவிடும். பயன்பாட்டைக் குறைத்த பின் ஓராண்டு பில்களை வைத்துக்கொண்டு அளவைத் தீர்மானித்தால் 3 கிலோவாட் தேவைப்படாமலே போகலாம். என்றாவது பேனல் போடும் எண்ணமிருந்தால், அதன் கால்களுக்கான கான்கிரீட் திண்டுகளை வெள்ளைப் பூச்சு அடிக்கும் முன்பே கட்டிவிடுங்கள். பூச்சடித்த தளத்தைப் பிறகு துளையிட்டால், ஐப்பசி மழையில் அந்த இடத்தில்தான் ஒழுகும்.